ஏழு மூலைக் காசு

வாய்க்கரிசிக்கு எடுத்துவைத்த அரிசியைக் கோசலை மூன்றாந்தரமும் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் மிருணாளினி பின்னால் வந்து கையை நீட்டினாள்.

"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ."

கோசலை திரும்பவில்லை. விடிந்ததிலிருந்து வீடு நிறையச் சனம். குசினிக்குள் வந்த ஒவ்வொருத்தியும், "விடுங்கோ அக்கா, நாங்கள் கழுவுறம்" என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கோசலை சட்டியைக் கொடுக்கவில்லை. தன் மனுசனுக்கு அரிசி கழுவத் தனக்குக் கையில்லையா? நேற்றுப் பின்னேரம் லண்டன் ரயிலில் பாரிசுக்கு வந்து இறங்கிய தங்கச்சியும் சட்டிக்குத்தான் கை நீட்டுகிறாள் என்று நினைத்து, அதைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கை வெறுங்கை இல்லை. உள்ளங்கையில் ஒரு காசு இருந்தது. வட்டக் காசில்லை, ஏழு மூலை. நடுவில் மாடி மாடியாக ஒரு கோபுரம், அதைச் சுற்றிப் படர்ந்து ஏறுகிற ஒரு கொடி.

கண்ணாடி போடாமலே கோசலைக்கு அது என்னவென்று விளங்கிவிட்டது. விளங்காமல் எப்படி? அந்த வீட்டில் எத்தனையோ வருசமாக அதன் கதைதானே. லண்டன் கியூ பூந்தோட்டத்துக்கு இருநூற்றைம்பது வயதானபோது அடித்த ஐம்பது பென்ஸ் காசு. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் மட்டும் அடித்தார்களாம். "அவ்வளவு பெரிய நாட்டுச் சனத்துக்கு இது காணுமே, நீரே சொல்லும்" என்று அவள் மனுசன் பொன்னம்பலம் கேட்கும்போது, தன்னுடைய வீட்டுக் கலியாணத்தில் சோறு தட்டுப்பட்டுப் போனமாதிரி அவருடைய முகத்தில் ஒரு கவலை வரும்.

"கியூ" என்றாள் மிருணாளினி. "போன கிழமை என்ரை காசுப்பெட்டியிலை விழுந்தது. ஒரு பெடியன் பாலுக்குத் தந்த சில்லறையோடை வந்தது, அக்கா."

"ம்."

"வாய்க்கரிசியோடை இதைப் போடட்டோ, அத்தானுக்கு?"

வாய்க்கரிசியோடு ஒரு காசும் போடுவது அவர்கள் பகுதியில் வழக்கம். கோசலை தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பூட்டினாள்.

"போடேலாது. உலோகம் ஒண்டும் பெட்டிக்குள்ளை வைக்கக் கூடாதாம். கடதாசியிலை போட்டுக் கிடக்கு."

அப்படி ஒரு கடதாசி இல்லை. பற்றரி உள்ள சாமான் எதுவும் வைக்கக் கூடாது என்று மகன் பிருந்தாபன் முந்தநாள் எதையோ வாசித்துச் சொன்னான். அதைக் கோசலை கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம் வருவதற்கு முன்பே பொய் வந்து முடிந்துவிட்டது.

"அப்பிடியோ" என்று மிருணாளினி கையை மூடிக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள். "பரவாயில்லை. வியாழக்கிழமை ஃபோனிலை சொன்னோடனை அத்தான் சிரிச்சாரே, அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ளை நிக்குது."

அவள் போய்விட்டாள். கோசலை சட்டிக்குள் கையை விட்டபடி நின்றாள்.

வியாழக்கிழமை. கஞ்சியைச் சூடாக்கித் தாருங்கள் என்று கேட்க அவள் ஆஸ்பத்திரி நடையின் மறு கோடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது, மனுசன் தலையணையில் சாய்ந்தபடி ஃபோனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக மண்ணாங்கட்டி மாதிரிக் கிடந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஆர் எடுத்தது?" என்று கேட்டாள். "சும்மா" என்றார். கஞ்சியில் நாலு கரண்டி குடித்தார். வெள்ளிக்கிழமை பேச்சு நின்றது. சனிக்கிழமை ஆள் இல்லை.

கஞ்சி குடித்ததால் வந்த தெம்பு என்று அவள் நினைத்திருந்தாள். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருந்தாள், என்ரை கையாலை குடிச்ச கஞ்சியோடை முகம் தெளிஞ்சவர் என்று.

பொன்னம்பலத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்குக் கோடியில், மெத்ரோப் பாலம் தெரிகிற இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. அங்கே காசுமேசையில்தான் அவர் இருபத்தைந்து வருசம் இருந்தார். லண்டன் சனம் கலியாணச் சீலைக்கும் நகைக்கும் வரும். ரயிலால் இறங்கினால் கார் து நோர் ஸ்டேசனிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் ஒரு நடை. அவர்களுடைய பேர்சுக்குள் இரண்டு நாட்டுக் காசும் ஒன்றாய்க் கிடக்கும். அவசரத்தில் அள்ளித் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளிநாட்டுச் சில்லறையை இங்கே எந்த வங்கியும் மாற்றித் தராது. அதனால் முதலாளி அவற்றை ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போடச் சொல்லியிருந்தார். கடை பூட்டும்போது பொன்னம்பலம் அந்தப் பேணியைக் கவிழ்ப்பார். பிடித்த காசை எடுத்துக்கொண்டு தன்னுடைய சட்டைப்பையிலிருந்து ஈரோவைப் போட்டுவிடுவார். ஒரு சதம் பிசகாது.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. காசைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. கேட்டும் எடுக்கக் கூடாது. "மிச்சக்காசாய் வந்து கையிலை விழவேணும். தானாய் விழுந்தால்தான் அது என்ரை" என்பார். கடையில் வந்து விழுவதும் அந்தக் கணக்குத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதலில் கட்டியிருக்கிற சறத்தின் தலைப்பால் துடைப்பார். நகத்தால் விளிம்பு முழுவதையும் ஒருதரம் சுற்றிப் பார்ப்பார். பிறகு யன்னல் வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பிடித்து, இடது கண்ணைச் சுருக்கி, வாயைக் கொஞ்சம் திறந்தபடி பார்ப்பார். கீழே மெத்ரோ கடகடவென்று போகும், கண் அசையாது. குசினி வாசலில் நின்று கோசலை அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "தேத்தண்ணி ஆறுது" என்பாள்.

ஒருநாள் பேணிக்குள்ளிருந்து வருசம் அடிக்காத இருபது பென்ஸ் ஒன்று கிடைத்தது. அச்சு மாறிப்போய், எந்தப் பக்கமும் ஆண்டு இல்லாமல் வந்த காசாம். மனுசன் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கோசலை குசினியில் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டு நின்றாள். அவர் குசினியைத் தாண்டிப் போய் லண்டனுக்கு ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும், இருந்துகொண்டு கேளும்."

கத்தரிக்காய் அன்றைக்குக் கருகிப்போனது.

மிருணாளினி லண்டனில் ஒரு பெற்றோல் நிலையக் கடையில் காசுமேசையில் இருந்தாள். அவளுடைய மனுசன் போய்ச் சேர்ந்து கனகாலம். பிள்ளை குட்டி இல்லை. அவளுடைய கையால்தான் இங்கிலாந்துக் காசு நாள் முழுக்கப் போய்வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியென்றால் ஃபோன் அடிக்கும். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் காசுக் கதை. இன்ன காசு வந்தது, இன்னது கைநழுவிப் போனது. பொன்னம்பலம் சிரிக்கிற சத்தம் அறைக் கதவைத் தாண்டி வரும். கோசலையோடு அவர் கதைக்கிற கதையெல்லாம் மின்சாரக் கட்டணம், முழங்கால் நோ, பிருந்தாபன் ஏன் பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் வீடு வாங்கினவன் என்பதோடு சரி. அவளோடு கதைத்துச் சிரிக்கக் கூடாதென்று அவருக்கு ஒன்றும் இல்லை. சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வேறுமாதிரி நினைத்துவிடக் கூடாது. அப்படி ஒன்றும் இல்லை என்று கோசலைக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவளுக்குப் பெரிய கரைச்சல். அப்படி ஏதாவது இருந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை பிடித்திருக்கலாம். நாலு சனத்தைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். என்ரை மனுசன் என்ரை தங்கச்சியோடை சில்லறைக் காசைப் பற்றிக் கதைக்கிறார் என்று போய் ஆரிடம் அழுவது?

ஒருதரம் அவளும் முயன்று பார்த்தாள். கந்தோர்களில் துப்புரவு வேலை முடித்து வரும்போது, கார் து நோர்ப் படியடியில் ஒரு இங்கிலாந்துப் பவுண் காசு கிடந்து மினுங்கியது. எடுத்துக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்தாள். அன்றைக்கே கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபோன் அடிப்பதற்கு முன்னால், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். பொன்னம்பலம் எடுத்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "இது சும்மா காசப்பா, எல்லாரிட்டையும் கிடக்கிறது" என்றார். நல்ல குணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பத்திரமாக மேசை லாச்சிக்குள்ளும் வைத்தார். பதினொரு மணிக்கு அறைக்குள்ளிருந்து, "உம்மடை அக்காவும் துவங்கிட்டா, தெரியுமே?" என்று அவர் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் மிருணாளினி சிரித்திருக்கவேண்டும். இவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு கோசலை தெருவில் காசு கிடந்தால் குனிந்ததில்லை.

மலர்ச்சாலையில், பிரேதம் பார்க்க வைக்கிற ஒரு சின்ன அறை. பொன்னம்பலத்துக்குப் பட்டுவேட்டி உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வைத்திருந்தார்கள். ஐயர் தேவாரம் முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். மலர்ச்சாலைக்காரர் சிரில் பாண்டிச்சேரிப் பக்கத்து ஆள். கறுப்புக் கோட்டும் மெல்லிய குரலுமாகக் கதவடியில் நின்றார்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல மூடணும். லா சப்பல்ல மானிஃபெஸ்தாசியோன், ஊர்வலம் ஏதோ இருக்காம், வண்டி சுத்திப் போகணும். அவசரமில்ல, சும்மா சொன்னேன்."

"வாய்க்கரிசி போடுற பெண்டுகள் வாங்கோ" என்றார் ஐயர். "காசு வைச்சிருக்கிறவை அரிசியோடை சேர்த்துப் போடலாம்."

கோசலை முன்னுக்குப் போனாள். வலக்கையில் அரிசியை அள்ளினாள். இடக்கை, தன்பாட்டுக்கு, கைப்பைக்குள் போய், காலையிலேயே எடுத்துவைத்த ஒரு ஈரோவை எடுத்தது. நடுவில் வெள்ளையும் ஓரத்தில் மஞ்சளுமாக அது அரிசிக்கு மேலே இருந்தபோதுதான், பக்கத்தில் நிற்கிற தங்கச்சியின் கண் அதன்மேல் விழுவதை உணர்ந்தாள். இனி ஒளிக்கவும் ஏலாது. அரிசியை அவருடைய உதட்டில் வைத்து, காசையும் வைத்தாள்.

மிருணாளினி ஒரு சொல் சொல்லியிருந்தால் கோசலைக்கு நல்லதாக இருந்திருக்கும். சொல்லவில்லை. கதவடிப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, மரியாதையாகக் கேட்டாள்.

"தம்பி, காசு உள்ளுக்கு வைக்கலாமோ?"

"காசா? தாராளமா வைக்கலாம்மா. பேட்டரிதான் கூடாது."

"சரி தம்பி."

அக்காவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். பிடி அரிசியும் ஏழு மூலைக் காசுமாக அத்தானுக்கு மேல் குனிந்தாள். அரிசி உதட்டில் நிற்காமல் கன்னத்தால் வழிந்து சால்வை மடிப்புக்குள் போக, காசும் நாடியில் தட்டுப்பட்டு மடிப்புக்குள் போய் நின்றது. குனிந்தபடியே அவருடைய காதடியில் ஏதோ சொன்னாள். நீண்ட பேச்சில்லை, ஒரு வசனம். எவ்வளவு கிட்ட நின்றும் கோசலைக்கு அது கேட்கவில்லை.

இப்பவும். பெட்டிக்குள் கிடக்கிறபோதும்.

மற்றப் பெண்டுகளும் போட்டு முடித்தார்கள். சிரில் மூடியடிக்கு வந்தார். "பொறு தம்பி" என்று கோசலை சீலைத் தலைப்பை எடுத்தாள். மனுசனின் உதட்டையும் நாடியையும் துடைத்தாள், ஒட்டிக்கிடந்த அரிசியைத் தட்டிவிட்டாள், சால்வையை நேராக்கினாள். கடைசியாக ஒரு பெண்சாதி செய்கிற காரியம், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் விம்மினார்கள். அவள் நிமிர்ந்தபோது, சீலைத் தலைப்புக்குள்ளே ஏழு மூலைக் காசு அவளுடைய கைக்குள் இருந்தது.

மூடியைப் போட்டார்கள். திருகுகிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் அவளுடைய கை இன்னும் இறுகியது.

தகனசாலையில், பிருந்தாபன் வந்து முன்னால் குந்தியிருந்து கேட்டான்.

"அம்மா, நீங்களும் உள்ளுக்கு வாறீங்களா? பார்க்கலாம் எண்டு சொல்லினம்."

"இல்லையப்பு. நீ போய்ச் செய்யிறதைச் செய். பெண்டுகள் போறேல்லை."

ஊரில் என்றால் பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே படலை ஏது? சுடலை வரைக்கும் வந்து, சுடலையின் வரவேற்பறையில் கதிரை போட்டு இருக்கவேண்டியதாகிவிட்டது. பிருந்தாபன் பிரெஞ்சில், மூலையில் கோப்பி மெஷின் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆம்பிளைகளோடு உள்ளே போனான். கூட வந்த பெண்டுகள் வெளியே மரத்தடியில் நின்று குளிருக்குக் கையைத் தேய்த்தார்கள். பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால் அக்காவும் தங்கச்சியும்.

உள்ளே எங்கேயோ ஒரு கதவு மூடிய சத்தம் கேட்டது.

"அத்தானோடை போயிட்டுது, என்ன?" என்றாள் மிருணாளினி.

"என்ன?"

"காசு."

"ஓம்" என்றாள் கோசலை. மடிக்குள் இடக்கை மூடிக் கிடந்தது. அதற்குமேல் வலக்கை.

"என்னிலை கோவம்தானே?"

"இல்லை."

"கோவம்தான். எனக்குத் தெரியும். எனக்கும் உங்களிலை கோவம், காலமை சொன்ன பொய்க்கு." மிருணாளினி மூக்கைத் துடைத்தாள். "அத்தான் வேண்டாமெண்டுதான் சொன்னவர், அக்கா."

"எதை?"

"உந்தக் காசைத்தான். வியாழக்கிழமை சொன்னன், அத்தான், கியூ விழுந்திட்டுது, ஞாயிறு கொண்டுவாறன், உங்கடை காசு ஆல்பத்திலை வையுங்கோ எண்டு. சிரிச்சார். சிரிச்சுப்போட்டு, 'விசரே உமக்கு? உம்மடை கையிலை விழுந்தால் உம்மடை காசு. எனக்கு விழேக்கை விழட்டும்' எண்டார். கட்டிலாலை எழும்பேலாத ஆள், இனியும் விழுமெண்டு இருக்குது."

"பேந்து?"

"பேந்தென்ன. 'அக்கா வாறா' எண்டு வைச்சிட்டார்."

கோசலை கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"அதுதான் நான் விடாமல் போட்டனான்" என்றாள் மிருணாளினி. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது அவளுக்கு. "காதுக்குள்ளையும் சொன்னனான், இப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ பாப்பம் எண்டு."

அந்த ஒரு வசனம் என்னவென்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று கோசலைக்குப் பட்டது. செத்தவரோடும் பகிடி விட இவளால் ஏலும். தான் கடைசியாக அவரிடம் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தாள். 'வாயைத் திறவுங்கோ' என்று சொன்னாள். கரண்டியோடு நின்று அதைத்தான் சொன்னாள்.

"உங்களுக்கென்ன அக்கா" என்றாள் மிருணாளினி, யாரையும் பார்க்காமல். "கிழமை முழுக்க உங்களோடை. எனக்கு ஞாயிறு அரை மணித்தியாலம். இனி ஞாயிறு பதினொரு மணிக்கு நான் என்ன செய்யிறது?"

கிழமை முழுக்க அந்த மனுசன் அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் காத்திருந்தது என்று சொல்ல வாய் வந்தது. கோசலை அதை விழுங்கிக் கையை இறுக்கினாள். காசின் மூலைகள் உள்ளங்கையில் குத்தின. அவர் வேண்டாமென்ற காசு. அவருடைய நாடியடியிலிருந்து எடுத்த காசு. அவரோடு அது உள்ளே போயிருந்தாலும் எரிந்திருக்கும். இப்போது கைக்குள் இருந்தும் எரிகிறது.

"முகம் கழுவிக்கொண்டு வாறன்" என்று மிருணாளினி எழும்பிப் போனாள்.

அவள் கதவுக்குப் பின்னால் மறைந்ததும் கோசலையும் எழும்பினாள். இதைத் தொலைக்கவேண்டும். எங்கேயாவது, இப்பவே. சுவரோரத்தில் குப்பைக்கூடை இருந்தது. வளையத்தில் தொங்குகிற கண்ணாடிப் பை. உள்ளே கிடக்கிற பூக்காம்பும் கடதாசிக் கோப்பையும் அப்படியே தெரிந்தன. காசு கிடந்தால் அதுவும் தெரியும். போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டு கிடக்கும்.

பக்கத்தில் கோப்பி மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. இரும்பு வயிறு. ஒருதரம் விழுங்கினால் ஆரும் பார்க்கமாட்டார்கள். அவளுக்குக் கோப்பி வேண்டியிருக்கவில்லை. காசு போடுகிற வெட்டுக்குள் அதை வைத்தாள். இறுகித்தான் நின்றது. பெருவிரலால் தள்ளினாள்; உள்ளே போனது. எங்கேயோ உருண்டது. கோசலை மூச்சு விட்டாள்.

கடகடவென்று ஒரு சத்தம். கீழே, மிச்சக்காசு வந்து விழுகிற கிண்ணத்துக்குள், காசு வந்து விழுந்தது. கொஞ்சநேரம் மூலை மூலையாகத் தடுமாறிவிட்டு, கோபுரமும் கொடியும் மேலே தெரியப் படுத்தது.

பின்னால் ஒரு பிரெஞ்சுக் கிழவி நின்றாள். வேறு யாருடையவோ செத்தவீட்டுக்கு வந்தவள். இது பழைய மெஷின் மதாம், பிடிக்காத காசைத் திருப்பித் தந்துவிடும், வேறு போடுங்கள் என்று மிகவும் அன்பாகச் சொன்னாள். கோசலை தலையாட்டினாள். கை அசையவில்லை.

"என்னக்கா, கோப்பியோ?"

மிருணாளினி வந்துவிட்டாள். முகத்தில் இன்னும் ஈரம். அக்காவைப் பார்த்து, அக்கா பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

கிழவி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று தன் கதிரைக்குப் போய்விட்டாள். மெஷின் உறுமியது. கோசலையின் திறந்திருந்த இடக்கையில், சிவப்பாக, மூலைகளின் அடையாளம். மிருணாளினி அதையும் பார்த்தாள். ஏன் என்று கேட்பாள், எப்படி எடுத்தீர்கள் என்று கேட்பாள் என்று கோசலை நின்றாள்.

"மிச்சக்காசாய் வந்திருக்கு" என்றாள் மிருணாளினி மெதுவாக. பிறகு, "எடுங்கோ அக்கா. உங்களுக்கெல்லோ விழுந்தது."

எடு என்று சொல்வதற்கும் இவள்தான் வேண்டியிருக்கிறது. அந்த நினைப்பு ஒருதரம் நெஞ்சைக் கொத்திவிட்டுத்தான் போனது. போகட்டும் என்று கோசலை பொறுத்தாள். குனிந்தாள். படியடியில் பவுண் காசுக்குக் குனிந்ததற்குப் பிறகு, இன்றைக்குத்தான். இரண்டு விரலால் காசை எடுத்தாள்.

மிருணாளினி தன்னுடைய பேர்சுக்குள் தேடி ஒரு ஈரோவைப் போட்டாள். அதை மெஷின் பிடித்துக்கொண்டது. கடதாசிக் கோப்பை ஒன்று இறங்கி நின்றது.

"சீனி போடவோ அக்கா?"

கோசலை சீலைத் தலைப்பால் காசைத் துடைத்தாள். நகத்தை விளிம்பில் வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, அப்படியே ஏழையும் சுற்றி வந்தாள். பிறகு கண்ணாடிச் சுவர்ப் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பிடித்தாள். இடது கண் சுருங்கியது. வாய் கொஞ்சம் திறந்தது.

மிருணாளினி கோப்பையோடு நின்று அக்காவை விசித்திரமாகப் பார்த்தாள். ஃபோனில் இதையெல்லாம் அவள் எப்படிக் கண்டிருப்பாள்? கலியாணம், சாமத்தியவீடு என்று பாரிசுக்கு வந்தாலும், சனத்துக்கு நடுவில் நின்றுவிட்டு அடுத்த நாளே ரயிலுக்கு ஓடுகிறவள்.

"ஏன் அக்கா கண்ணை அப்பிடிச் சுருக்கிறியள்?"

"சும்மா" என்றாள் கோசலை. காசை மற்றப் பக்கம் திருப்பினாள்.